மும்மொழி மேசைக்கணினி: முன்னிருப்பாக எந்த விசைப்பலகை, எந்த உள்ளீட்டு முறை?

1 · பனையோலை

வவுனியாவில் ஒரு பொது வாசிகசாலைக்கு 18 மேசைக்கணினிகள் ஆயத்தமாகின்றன. டெபியன் 12 லினக்ஸ், க்னோம் 43 மேசைச்சூழல், வேலண்ட் அமர்வு (திரையையும் விசைகளையும் கையாளும் புதிய முறை; பழையது எக்ஸ்11). ஒரே வட்டுப் படிமத்தைத்தான் எல்லாவற்றிலும் ஏற்றுவோம். வாசகர்களுக்கு ஒரு பொதுக்கணக்கு, அலுவலர்களுக்குத் தனித்தனிக் கணக்கு. எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் உண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தட்டச்சு நடக்கும். இணையப் படிவம் நிரப்ப வரும் மாணவர்கள்தான் அதிகம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய தட்டச்சாளர்களும் வருவார்கள்.

தெரிய வேண்டியவை: விசைப்பலகைப் பட்டியலில் முதலாவது எது? தமிழுக்கு எந்தத் தளக்கோலம் (லேஅவுட், எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு)? உள்ளீட்டு முறைகளை இயக்கும் நிரலாக ஐபஸ் போதுமா, எஃப்சிஐடிஎக்ஸ் வேண்டுமா? மொழி மாற்ற எந்த விசைச்சேர்க்கை? புதிதாக உருவாக்கும் கணக்குகளுக்கும் இதே அமைப்பு தானாக வர வேண்டும்.

2 · கீற்று

முதலாவது ஆங்கிலம் (யுஎஸ்). இதில் பேரமே வேண்டாம். கணினி தமிழ் இடைமுகத்தோடு இருந்தாலும் முதல் விசைப்பலகை ஆங்கிலமாகவே இருக்கட்டும். காரணம் மூன்று.

வட்டு மறையாக்கம் வைத்திருந்தால், கடவுத்தொடர் கேட்கும் கட்டத்தில் க்னோமும் கிடையாது, ஐபஸும் கிடையாது. கன்சோலில் தமிழ் வராது. அடுத்தது நுழைவுத்திரை. அது அமர்வுப் பட்டியலைப் பார்க்காது, ஈடிசி → டிஃபால்ட் → கீபோர்டு கோப்பில் உள்ள எக்ஸ்கேபி (லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பு) லேஅவுட்டைத்தான் எடுக்கும். அங்கே யுஎஸ் மட்டும் இருக்கட்டும், வேரியன்ட் (துணைவகை) வெறுமையாக. இலங்கை லேஅவுட்டை அங்கே போட்டால் அதன் முன்னிருப்பே சிங்கள ஒலியியல். கடவுச்சொல் புள்ளிகளாக மட்டும் தெரிவதால் என்ன பிழை என்று யாருக்கும் புரியாது.

மூன்றாவது குறுக்குவிசைகள். கன்ட்ரோல்+சி என்பதை நிரல்கள் லத்தீன் எழுத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன. பட்டியலில் லத்தீன் லேஅவுட் ஒன்றுமே இல்லையென்றால் சில நிரல்களில் நகலெடுப்பும் ஒட்டலும் செத்துவிடும்.

அடுத்தது பலரும் விழும் குழி. க்னோம் பட்டியலில் தமிழ்99 இரண்டு இடத்தில் தெரியும். "தமிழ்நெட் '99" என்பது எக்ஸ்கேபி. "தமிழ்99 (எம்17என்)" என்பது எம்17என் என்ற உள்ளீட்டு முறைத் தொகுப்பிலிருந்து ஐபஸ் வழியாக வருவது. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்கேபிக்கு நினைவு கிடையாது. ஒரு விசையை அழுத்தினால் அதற்கு எழுதிவைத்த குறியைத் தரும், முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. தமிழ்99 விதிகளோ முழுக்க முன்னெழுத்தைப் பார்த்தே நடப்பவை. "பந்து" அடிக்க ப, ந, த, உ என்று நாலே தட்டு: ஜே, செமிகோலன், எல், டி. ந-வுக்குப் பின் த வந்ததும் புள்ளி தானாக விழுகிறது. உ தனி உயிராக நிற்காமல் துகரமாகச் சேர்கிறது. இந்த வேலையை எம்17என் செய்யும், எக்ஸ்கேபியால் ஆகாது.

நிறுவ வேண்டியவை: ஐபஸ், ஐபஸ்-எம்17என், எம்17என்-டிபி, ஐபஸ்-ஜிடிகே3, ஐபஸ்-ஜிடிகே4. கடைசியை விட்டுவிட்டால் எக்ஸ்11 அமர்வுக்கு மாறும்போது ஜிடிகே4 (இடைமுகம் கட்டும் நூலகம்) கொண்டு எழுதிய நிரல்களில் மட்டும் தமிழ் வராமல் போகலாம். "லிப்ரெஆபிஸில் வருகிறது, செட்டிங்ஸ் தேடலில் வரவில்லை" என்ற வகைப் புகார் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

3 · வடலி

கீற்று சொன்ன முதற்பகுதி சரி. ஆனால் தமிழ்99-ஐ இலங்கைப் பொதுக்கணினிக்கு முதல் தமிழாக வைக்கிறதில எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்99 வந்தது 1999 பெப்ரவரி சென்னை மாநாட்டுக்குப் பிறகு; தமிழ்நாட்டு அரசு ஏற்ற தளக்கோலம். இலங்கையின் நியமம் வேறு. எஸ்எல்எஸ் 1326-இல உள்ளது ரெங்கநாதன் தளக்கோலம், பழைய தட்டச்சுப்பொறி வழி வந்தது. பாமினி எழுத்துருவில அடிச்சுப் பழகின கைகளுக்குக் கிட்ட இருக்கிறதும் அதுதான். எம்17என்-இல அது "எல்கே-ரெங்கநாதன்" என்ற பெயரில கிடைக்கும். பனையோலை சொன்ன தட்டச்சாளர்களுக்குத் தமிழ்99-ஐக் காட்டினால் விசைப்பலகை பழுது எண்டுதான் நினைப்பினம்.

ஒண்டை மட்டும் சரிபாருங்கோ. பாமினியில கொம்பை முதலில அடிச்சு, பிறகுதான் மெய்யை அடிக்கிறது. யூனிகோடில சேமிக்கிறது மெய் முதல், கொம்பு பிறகு. நீங்கள் தெரிவு செய்யும் முறை கொம்பு முன்னால வந்தால் எப்படிக் கையாளுது எண்டதை "கெ", "கொ", "கை" மூண்டிலும் அடிச்சுப் பார்த்துத்தான் படிமத்தை மூடவேணும்.

4 · எழுத்தாணி

எந்தத் தளக்கோலம் என்பதை விட, அதிலிருந்து வெளியே வரும் குறிகள் சரியா என்பதுதான் பெரிய விஷயம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் தேடலில் கிடைக்காத தரவு, பொதுப் படிவங்களில் எக்கச்சக்கம்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு கோப்பில் கீழ்க்காணும் சொற்களை அடித்துச் சேமியுங்கள்: கொடை, கௌரி, அம்மா, பந்து, மமதை, ஸ்ரீ, க்ஷ. பிறகு பைத்தான் நிரல்மொழியின் ஆர்ட் (ஓ-ஆர்-டி) செயற்கூற்றால் ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடு எண்ணையும் பதின்மத்தில் எடுங்கள்.

"கொ" என்பது 2965, 3018 என்று இரண்டே எண்ணாக வர வேண்டும். 2965, 3014, 3006 என்று மூன்றாக வந்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் போயிருக்கின்றன. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான், இயல்பாக்கம் (சமமான வடிவங்களை ஒன்றாக்குதல்) செய்யும் நிரலில் பிரச்சினை வராது. ஆனால் எல்லாத் தரவுத்தளமும் இயல்பாக்கம் செய்வதில்லை.

"கௌ" இன்னும் மோசம். சரியானது 2965, 3020. தட்டச்சு மரபில் வந்தவர்கள் கொம்பு, க, ள என்று அடிப்பார்கள்; விளைவு 2965, 3014, 2995. இது "கெள". இது பிழையே, எந்த இயல்பாக்கமும் இதைத் திருத்தாது. திரையில் வித்தியாசம் தெரியாது, அதனால் கௌரி என்ற பெயர் ஒரே பட்டியலில் இரண்டு ஆளாக நிற்கும். ஔகாரத்தின் வலப்பகுதிக்குத் தனிக்குறி உண்டு, எண் 3031. ளகரம் அதற்குப் பதில் ஆகாது.

"ஸ்ரீ"-யிலும் இரண்டு வழி. முதலெண் 3000 என்றால் ஸகரம், 2998 என்றால் ஶகரம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். உங்கள் கணினிகள் எல்லாம் ஒன்றையே தருகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

"மமதை" ஏன் என்றால், தமிழ்99-இல் ம இரண்டு முறை வந்தால் "ம்ம" ஆகிவிடும். இடையில் அ-வைத் தட்ட வேண்டும்: கே, ஏ, கே, எல், ஆர். அது வேலை செய்தால் தானியங்கிப் புள்ளியும், அதை நிறுத்தும் விசையும் இரண்டும் சரி.

5 · பனையோலை

இரண்டு தமிழையும் வைத்தால் என்ன? ஆங்கிலம், ரெங்கநாதன், தமிழ்99, சிங்களம் என்று நாலு.

6 · கீற்று

வைக்கலாம். எக்ஸ்கேபியின் நாலு லேஅவுட் வரம்பும் இங்கே தொல்லை தராது. ஐபஸ் எஞ்சின்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. சிக்கல் வேறு இடத்தில்.

க்னோமில் சூப்பர்+ஸ்பேஸ் பட்டியல் வரிசையில் சுற்றாது. கடைசியாகப் பயன்படுத்தியது முதலில் என்ற வரிசையில் போகும், ஆல்ட்+டாப் போல. ஆங்கிலமும் தமிழும் மட்டும் மாறிமாறி அடிப்பவருக்கு ஒரே தட்டில் போய்வர முடியும், மிக வசதி. ஆனால் பொதுக்கணக்கில் முந்தின ஆள் சிங்களத்தில் விட்டுப் போயிருந்தால், அடுத்தவருக்கு ஒரு தட்டில் தமிழ் வராது. சூப்பரை விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்டினால் பெயர்ப் பட்டியல் திரையில் நிற்கும்; வேண்டியது வந்ததும் விட வேண்டும். இந்த ஒரு வரியை அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். மேல்பட்டைக் குறியை மட்டும் பார்த்து எந்தத் தமிழ் என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அதைச் சொடுக்கினால் முழுப்பெயர் வரும்.

ஒவ்வொரு மொழிக்கும் நேரடி விசை கேட்பார்கள். முன்பு க்னோம் ஷெல்லுக்கு டிபஸ் வழியாக ஒரு வரி நிரல் அனுப்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள். க்னோம் 41-இலிருந்து அந்த வழி அடைபட்டுவிட்டது. "ஐபஸ் எஞ்சின்" கட்டளையை விசைக்குக் கட்டிவிடும் யோசனையும் இணையத்தில் சுற்றுகிறது. க்னோமுக்குள் அதைச் செய்தால் எஞ்சின் ஒன்று, மேல்பட்டை காட்டுவது ஒன்று என்று பிரிந்து நிற்கும். வேண்டாம்.

எல்லாக் கணக்குக்கும் முன்னிருப்பாக்க, க்னோம் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃப் வழி:

ஈடிசி → டிகான்ஃப் → புரொஃபைல் கோப்புறையில் "யூசர்" என்ற கோப்பு. உள்ளே இரண்டு வரி: யூசர்-டிபி, முக்காற்புள்ளி, யூசர், அடுத்த வரியில் சிஸ்டம்-டிபி, முக்காற்புள்ளி, லோக்கல். வரிசை முக்கியம். மேலே இருப்பதுதான் வெல்லும்.

பிறகு ஈடிசி → டிகான்ஃப் → டிபி → லோக்கல்.டி கோப்புறையில் 00-இன்புட் என்று ஒரு கோப்பு. சதுர அடைப்புக்குள் ஓஆர்ஜி, க்னோம், டெஸ்க்டாப், இன்புட்-சோர்சஸ் என்று சாய்கோடிட்டு எழுதுங்கள். கீழே "சோர்சஸ்" விசைக்கு இணைகளின் பட்டியல். முதல் இணை எக்ஸ்கேபி, யுஎஸ். மற்றவை ஐபஸ் என்று தொடங்கி, எம்17என், மொழிக்குறி, முறைப்பெயர் மூன்றையும் முக்காற்புள்ளியால் கோத்து வரும். தமிழுக்கு மொழிக்குறி டிஏ, சிங்களத்துக்கு எஸ்ஐ. ஒவ்வொரு சரத்துக்கும் ஒற்றை மேற்கோள் கட்டாயம்.

கடைசியாக ரூட்டாக (நிர்வாகியாக) "டிகான்ஃப் அப்டேட்". இதை மறந்தால் கோப்பு அப்படியே கிடக்கும், ஒன்றும் மாறாது.

7 · சுழியம்

இதையெல்லாம் செய்தும் புதுக் கணக்கில் வராமல் போவதற்கு வழக்கமான காரணம் க்னோமின் முதல்நுழைவு வழிகாட்டி. அதில் விசைப்பலகைப் பக்கத்தில் "அடுத்து" என்று அழுத்தினாலே பயனரின் சொந்த மதிப்பு எழுதப்படும்; யூசர்-டிபி மேலே இருப்பதால் உங்கள் முன்னிருப்பு அதன் அடியில் மறைந்துவிடும். ஈடிசி → ஸ்கெல் (புதுக் கணக்குகளுக்கு நகலாகும் கோப்புறை) → புள்ளிகான்ஃபிக் கோப்புறையில் "க்னோம்-இனிஷியல்-செட்டப்-டன்" என்ற கோப்பைப் போட்டு, உள்ளே "எஸ்" (ஒய்-ஈ-எஸ்) என்ற ஒரே சொல்லை எழுதுங்கள். அதன்பிறகு உருவாகும் கணக்குகளில் வழிகாட்டி எழும்பாது. ஏற்கெனவே உள்ள கணக்குகளுக்கு ஒருமுறை "ஜிசெட்டிங்ஸ் ரீசெட்".

சோர்சஸைப் பூட்டவும் முடியும், லாக்ஸ் கோப்புறையில் ஒரு வரி போதும். பூட்டாதீர்கள். பூட்டினால் தன் கணக்கில் வேறு தளக்கோலம் வேண்டும் என்று கேட்கும் அலுவலருக்கு வழியே இருக்காது. பொதுக்கணக்கை மட்டும் ஒவ்வொரு நுழைவிலும் ரீசெட் செய்யுங்கள்: சோர்சஸ், எம்ஆர்யூ-சோர்சஸ் (அண்மையில் பயன்படுத்திய வரிசை) இரண்டையும். இரண்டாவதை விட்டால், முந்தின வாசகரின் வரிசை அடுத்தவருக்கும் ஒட்டிக்கொண்டு வரும்.

கீற்று சொல்லாத ஒன்று. கடவுச்சொல் பெட்டிக்குள் போனதும் க்னோம் ஐபஸ் மூலங்களை ஒதுக்கிவைத்து, பட்டியலில் உள்ள எக்ஸ்கேபி மூலங்களை மட்டும் விடும். எனவே எக்ஸ்கேபியில் ஆங்கிலம் மட்டும், மற்ற மொழிகள் எல்லாம் எம்17என்-இல் என்று வைத்தால், தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொண்டாலும் கடவுச்சொல் ஆங்கிலத்திலேயே விழும். எக்ஸ்கேபித் தமிழை வைத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பட்டியலில் எக்ஸ்கேபியே இல்லாமல் எல்லாம் ஐபஸ் என்று வைத்தால், ஒதுக்கிய பின் மிச்சம் ஒன்றும் இராது என்பதால் க்னோம் தானாக யுஎஸ்ஸை எடுத்துக்கொள்ளும்.

8 · தாமரைக்குளம்

சிங்களத்துக்கு விஜேசேகர வையுங்கள், எஸ்எல்எஸ் 1134 நியமம் அதுதான். எம்17என்-இல் "விஜேசேகர" என்றே இருக்கிறது. மாணவர்கள் ஒலிபெயர்ப்பு கேட்டால் அதற்கும் தனி முறைகள் உண்டு, ஆனால் முன்னிருப்பில் ஒன்று போதும்.

சோதனையில் ரகாராங்சயவும் யங்சயவும் (மெய்யோடு சேரும் ர, ய ஆகியவற்றின் சிங்களக் கூட்டுவடிவங்கள்) கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் மெய்க்குறிக்குப் பின் 8205 என்ற இணைப்பெழுத்து தேவை, அது கண்ணுக்குத் தெரியாது. "ஸ்ரீ லங்கா"வைச் சிங்களத்தில் அடித்து எண்களைப் பாருங்கள். 8205 இல்லையென்றால் எழுத்துகள் பிரிந்து தெரியும். முறை சரியாகத் தந்தாலும் சில இணையப் படிவங்கள் "கண்ணுக்குத் தெரியாத எழுத்து" என்று அதை உரித்துவிடுகின்றன. அது படிவத்தின் குறை, கணினியில் தேடி நேரம் போக்காதீர்கள். வெறும் உரைக்கோப்பில் சரியாக இருந்து படிவத்தில் மட்டும் உடைந்தால் அதுதான் காரணம்.

எழுத்துருவும் பார்க்கவும். நோட்டோ கோர் பொதியில் சிங்களமும் தமிழும் இரண்டும் வரும். எழுத்துரு இல்லாமல் பெட்டி பெட்டியாகத் தெரிவதை உள்ளீட்டு முறைப் பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

9 · ஆலம்விழுது

இடையில் ஒரு கேள்வி. இங்கே மேசைச்சூழல் கேடிஈ பிளாஸ்மா 5.27, வேலண்ட். இதே மூன்று மொழி. ஐபஸ் அவ்வப்போது தகராறு செய்கிறது. எஃப்சிஐடிஎக்ஸ் 5-க்கு மாறலாமா?

10 · வடலி

கேடிஈயில எஃப்சிஐடிஎக்ஸ் 5 தான் நல்லது, க்னோமில ஐபஸ் தான் நல்லது. மேசைச்சூழலோட இழுபறிப்படாமல் இருக்கிறதுதான் கணக்கு.

நிறுவுங்கோ: எஃப்சிஐடிஎக்ஸ்5, எஃப்சிஐடிஎக்ஸ்5-எம்17என், ஜிடிகே, க்யூடி இரண்டுக்குமான ஃபிரண்டெண்ட் பொதிகள், கேடிஈ அமைப்புப் பக்கத்துக்கான பொதி. பிறகு சிஸ்டம் செட்டிங்ஸ் → இன்புட் டிவைசஸ் → வர்ச்சுவல் கீபோர்டு. அந்தப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், திரைவிசைப்பலகைக்கு மட்டும் உரிய இடமில்லை அது. அங்க எஃப்சிஐடிஎக்ஸ் 5 வேலண்ட் லாஞ்சரைத் தெரிவு செய்யுங்கோ. இனி அதைக் க்வின்தான் (கேடிஈயின்ர சாளர மேலாளர்) தொடக்கும். வேறெங்கயாவது தானியங்கித் தொடக்கம் இருந்தால் நீக்கிவிடுங்கோ. முந்திக்கொண்டு எழும்பின பிரதிக்குக் க்வினோட தொடர்பு கிடையாது. தட்டு ஐகான் இருக்கும், எழுத்து வராது.

சூழல் மாறிகள்: ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டையும் வேலண்ட் கேடிஈயில அமர்வு முழுதுக்கும் வைக்க வேண்டாம். எக்ஸ்மாடிஃபையர்ஸ் மட்டும் வையுங்கோ, எக்ஸ்வேலண்டில (வேலண்டுக்குள்ள எக்ஸ்11 நிரல்களை ஓட்டுற பாலம்) ஓடுகிற பழைய நிரல்களுக்கு அது வேணும். இணையத்தில கிடக்கிற பழைய வழிகாட்டிகள் மூண்டையும் வைக்கச் சொல்லும், அது எக்ஸ்11 காலத்து அறிவுரை.

உள்ளே அமைக்கேக்க குழுவின்ர முதல் உறுப்பு "கீபோர்டு – இங்கிலீஷ் (யுஎஸ்)" ஆக இருக்கவேணும். எஃப்சிஐடிஎக்ஸ் முதல் உறுப்பைத்தான் "அணைந்த நிலை" எண்டு எடுக்கும். தமிழை முதலில வைச்சால் கன்ட்ரோல்+ஸ்பேஸ் தலைகீழாக வேலை செய்யும்.

இரண்டு முன்னிருப்பு விசைகளைக் கவனியுங்கோ. கன்ட்ரோல்+ஸ்பேஸ், கால்க் விரிதாளில நெடுவரிசையைத் தெரிவு செய்யும் விசை. கணக்கு வேலை செய்யிற ஆள் கட்டாயம் முறைப்பாடு சொல்லுவார். இடப்பக்க ஷிஃப்டைத் தனிய ஒருக்கால் தட்டினால் முதல் உறுப்புக்குத் தாவும். ஜ, ஸ, ஷ அடிக்க ஷிஃப்டைப் பிடிச்சுப் போட்டு மனம் மாறி விட்டால் போதும், ஆங்கிலத்துக்குப் போயிடும். அந்த விசையை வெறுமையாக்குங்கோ.

அமைப்பை எல்லாக் கணக்குக்கும் கொண்டுபோக, ஒரு கணக்கில சரிசெய்து, புள்ளிகான்ஃபிக்குக்குள்ள எஃப்சிஐடிஎக்ஸ்5 கோப்புறையின்ர "புரொஃபைல்", "கான்ஃபிக்" இரண்டையும் ஸ்கெல்லில போடுங்கோ. கையால திருத்துறதெண்டால் எஃப்சிஐடிஎக்ஸை நிறுத்திப்போட்டுத் திருத்துங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்க திருத்தினால் மூடேக்க தன்ர பழைய பட்டியலை மேல எழுதிப்போடும்.

11 · பனையோலை

படிமம் ஓடுகிறது, நன்றி. இரண்டு புகார். ஒன்று: இணையப் படிவத்தில் பெயரை அடித்துவிட்டுச் சுட்டியால் அடுத்த பெட்டியைச் சொடுக்கினால் கடைசி எழுத்து காணாமல் போகிறது, சிலவேளை அடுத்த பெட்டியில் விழுகிறது. இரண்டு: எலக்ட்ரானில் (குரோமிய உலாவியை அடிப்படையாகக் கொண்ட நிரல் சட்டகம்) கட்டிய ஒரு நிரலில் தமிழே வரவில்லை.

12 · எழுத்தாணி

முதலாவது, அடிக்கோட்டோடு நிற்கும் எழுத்தின் கதை. அடுத்த விசை வரும்வரை எம்17என் கடைசி எழுத்தைக் கையில் வைத்திருக்கும். "ம" அடித்ததும் அது முடிந்ததா, "மா" ஆகுமா, "ம்ம" ஆகுமா என்று அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியில் சுட்டியால் வேறு இடம் போனால், கையில் உள்ளதை எங்கே விடுவது என்பது நிரலுக்கு நிரல் மாறும். பெட்டியை விட்டு நகர டாப் விசையைப் பழக்குங்கள். டாப் வந்ததும் எழுத்து உறுதியாகிவிடும். ஸ்பேஸ் அடிப்பதும் உறுதியாக்கும், ஆனால் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் தொங்கும், தரவுத்தளத்தில் அது தனித் தலைவலி. அடிக்கோடு மறையும் வரை நகராதே என்பதுதான் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது.

இதே காரணத்தால்தான் சில தேடல் பெட்டிகளில் கடைசி எழுத்து சேராமல் பரிந்துரை வருகிறது. பக்கத்தின் நிரல், எழுத்து உறுதியான பிறகே அதைப் பார்க்கிறது.

13 · கீற்று

எலக்ட்ரானுக்கு: அது வேலண்டில் நேரடியாக ஓடுகிறதா, எக்ஸ்வேலண்டிலா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்வேலண்டில் என்றால் அமர்வில் எக்ஸ்மாடிஃபையர்ஸ் ஐபஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு தீரும். நேரடி வேலண்டில் என்றால், குரோமியக் குடும்பம் நெடுங்காலம் டெக்ஸ்ட்-இன்புட் நெறிமுறையின் 1-ஆம் பதிப்பை மட்டும் பேசியது, க்னோம் 43-ஓ 3-ஐ மட்டும் பேசுகிறது. இருவரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் நிற்பார்கள். புதிய பதிப்புகளில் வேலண்ட் ஐஎம்ஈயை இயக்கும் தெரிவோடு, டெக்ஸ்ட்-இன்புட் பதிப்பு 3 என்ற தெரிவையும் தொடக்க வரியில் சேர்க்க வேண்டும். நிரலின் உள்ளிருக்கும் எலக்ட்ரான் பழசு என்றால் இது எடுபடாது. அந்த ஒரு நிரலை மட்டும் எக்ஸ்11 தளத்தில் ஓடும்படி அதன் டெஸ்க்டாப் கோப்பைத் திருத்துங்கள். டெஸ்க்டாப் கோப்பை யுஎஸ்ஆர் கோப்புறையில் நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். யுஎஸ்ஆர் → லோக்கல் → ஷேர் → அப்ளிகேஷன்ஸில் ஒரு பிரதி வைத்துத் திருத்துங்கள்.

லிப்ரெஆபிஸையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உதவி → பற்றி பக்கத்தில் விசிஎல் என்ற இடத்தில் ஜிடிகே3 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜிடிகே3 பொதி நிறுவப்படவில்லை, அடிக்கோட்டு எழுத்து தாறுமாறாகத் தெரியும். கருவிகள் → விருப்பங்கள் → மொழிகள் பக்கத்தில் சிக்கலான உரை அமைப்பை இயக்கித் தமிழைத் தெரிவு செய்யுங்கள். அங்கே ஒரு மொழிக்குத்தான் இடம். தமிழ் வைத்தால் சிங்களப் பத்திகளும் தமிழ் என்றே குறிக்கப்பட்டு முழுக்கச் சிவப்புக் கோடாகத் தெரியலாம். சிங்கள ஆவணங்களுக்கு மொழியை மாற்றி வைத்த தனி வார்ப்புரு ஒன்று செய்து கொடுப்பது உத்தமம்.

14 · ஆலம்விழுது

எஃப்சிஐடிஎக்ஸ் சரியாகிவிட்டது; வடலி சொன்னதுபோல இரண்டு பிரதி ஓடிக்கொண்டிருந்தது. மொழி மாற்றும் விசைக்கு வருவோம். விண்டோஸிலிருந்து வருபவர்கள் ஆல்ட்+ஷிஃப்ட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

15 · சுழியம்

பொதுக்கணினியில் வேண்டாம். ஆல்ட்+ஷிஃப்ட் வெறும் மாற்றிவிசைகளின் சேர்க்கை. சாளரங்களைப் பின்னோக்கிப் புரட்ட ஆல்ட்+ஷிஃப்ட்+டாப் அடிக்கும்போதும், அதில் தொடங்கும் வேறு எந்தக் குறுக்குவிசையின்போதும் மொழி மாறித் தொலையும். வலப்பக்க ஆல்ட் கொடுத்தால் மூன்றாம் நிலை எழுத்துகளுக்கு அதை நம்பும் லேஅவுட்டுகள் முடங்கும். கேப்ஸ் லாக் மட்டும்தான் யோசிக்கத் தக்கது, ஒரே விரல், தவறிப் பட வாய்ப்பு குறைவு. ஆனால் புதிதாக வருபவர் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அதை அழுத்திவிட்டு விழிப்பார். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசை+ஸ்பேஸ் மொழியை மாற்றும். அதுவேதான் இங்கே சூப்பர்+ஸ்பேஸ். கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் போதும், புதிதாகப் பழக ஒன்றும் இல்லை.

16 · பனையோலை

இன்னும் இரண்டு. சாளரத்துக்குச் சாளரம் வேறு மொழி என்ற தெரிவை இயக்கலாமா? விசைகளில் தமிழ் ஒட்டி ஒட்டுவதென்றால் இரண்டு தளக்கோலத்தில் எது?

17 · வடலி

சாளரத் தெரிவு பொதுக்கணக்கில அணைஞ்சே இருக்கட்டும். உலாவியில தமிழ், எடிட்டரில ஆங்கிலம் எண்டு தானாக மாறேக்க, வந்த ஆளுக்கு ஏன் மாறுது எண்டு விளங்காது. மொழிபெயர்ப்பு வேலை செய்யிற அலுவலரின்ர கணக்கில மட்டும் இயக்கிக் குடுங்கோ, அவைக்கு அது பெரிய உதவி.

ஒட்டி ரெங்கநாதனுக்கு. தமிழ்99 பழகினவை பார்க்காமல் அடிப்பினம், அவைக்கு ஒட்டி தேவையில்லை. ஒரே விசையில இரண்டு தமிழ் எழுத்தும் ஒரு சிங்கள எழுத்தும் ஒட்டினால் ஆங்கிலமும் தெரியாது. தமிழ்99-க்கு ஒரு பக்க வரைபடம் அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில வையுங்கோ. உயிர் எல்லாம் இடக்கை, மெய்யில வ, ங இரண்டைத் தவிர மற்றது எல்லாம் வலக்கை எண்டதால பாத்துப் பிடிக்கிறது சுகம்.

ஒட்டி வாங்க முதல் விசைப்பலகை யுஎஸ் அமைப்பா எண்டு பாருங்கோ. எம்17என் விசையின்ர இடத்தைப் பார்க்காது, அந்த விசை தரும் லத்தீன் எழுத்தைத்தான் பார்க்கும். அடிப்படை லேஅவுட் வேறாக இருந்தால் ஒட்டியில ஒண்டு, திரையில வேறொண்டு வரும்.

18 · எழுத்தாணி

எண்களையும் ஒருமுறை அடித்துப் பார்க்கவும். எக்ஸ்கேபிப் பட்டியலில் தமிழ் எண்களுடன் கூடிய வேரியன்ட்டுகள் உண்டு. அலுவலர் யாராவது தம் கணக்கில் அதைத் தவறுதலாகச் சேர்த்திருந்தால் தொலைபேசி எண்ணைப் படிவம் ஏற்காது, "எண் மட்டும் இடவும்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் ௧௨௩ என்று தெரிந்தால் செட்டிங்ஸைத் திறந்து அந்த வேரியன்ட்டை நீக்கினால் போதும், மறுதொடக்கம் தேவையில்லை.